கண்ணாடி விரியனும் ரஸ்ஸல் வைத்தியரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்புகளைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "கண்ணாடி விரியனை இங்கிலீஷில் ரஸ்ஸல்ஸ் வைப்பர் என்கிறார்களே, அந்த ரஸ்ஸல் யார்?" கேள்வி சின்னதுதான். ஆனால் பதில் சொல்ல ஆரம்பித்தால் சிரியாவிலிருந்து விசாகப்பட்டினம், தஞ்சாவூர், தரங்கம்பாடி, ஆரணி என்று நீண்டுகொண்டே போகிறது. அதனால் இதுவரை என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து எழுதுகிறேன்.

பேட்ரிக் ரஸ்ஸல் யார்?

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 1726-ல் பிறந்த மருத்துவர். வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளை. வாழ்க்கையின் முதல் பாதியில் சிரியாவின் அலெப்போ நகரில் வைத்தியம் பார்த்தார். ஐம்பது வயதைக் கடந்த பிறகு கப்பலேறி விசாகப்பட்டினம் வந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளராக வேலை செய்தார். சோழமண்டலக் கடற்கரையின் பாம்புகளைப் பற்றி 1796-ல் அவர் வெளியிட்ட நூல், இந்தியப் பாம்புகளைப் பற்றிய அறிவியல் நூல்களில் முன்னோடி. 1805-ல் லண்டனில் இறந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

முதலில் அலெப்போவுக்கு ஏன் போனார்?

அண்ணன் அங்கே இருந்தார். அலெக்சாண்டர் ரஸ்ஸல், ஒரு தகப்பன் வேறு தாய்ப் பிள்ளை, அலெப்போவில் ஆங்கில வணிகர்களின் லெவண்ட் கம்பெனிக்கு மருத்துவராக இருந்தார். தம்பி பேட்ரிக் 1750-ல் அங்கே போய்ச் சேர்ந்தார். 1753-ல் அண்ணன் ஊர் திரும்பியதும் அந்த இடம் தம்பிக்கு வந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கேயே தங்கிவிட்டார். அரபி கற்றார். நகரை ஆண்ட பாஷா அவரை மதித்துத் தலைப்பாகை அணியும் உரிமை கொடுத்தார். அந்தக் காலத்தில் அந்நிய மதத்தவருக்குச் சாதாரணமாகக் கிடைக்காத மரியாதை அது.

அண்ணன் அலெப்போவைப் பற்றி 1756-ல் ஒரு நூல் எழுதியிருந்தார். பல ஆண்டுகள் கழித்து, 1794-ல், தம்பி அதைத் திருத்தி விரித்துப் புதிதாக வெளியிட்டார். செடி, விலங்கு, நோய் எல்லாம் அதில் உண்டு. கூடவே காப்பிக் கடையில் கதை சொல்பவர் சரியான கட்டத்தில் கதையை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுவதும், கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அடுத்து என்ன என்று வாதம் செய்துகொண்டு உட்கார்ந்திருப்பதும் வருகிறது. மனிதர்களைக் கவனிக்கத் தெரிந்த கண் இது. பின்னால் பாம்புகளைப் பார்த்ததும் இதே கண்தான்.

கொள்ளைநோய்க் காலத்தில் அங்கே இருந்தாராமே?

இருந்தார். 1760, 61, 62 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அலெப்போவைப் பிளேக் வாட்டியது. பிளேக் எலித் தெள்ளுப்பூச்சியால் பரவுகிறது என்பது தெரிய இன்னும் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆக வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு மருத்துவரால் செய்ய முடிந்தது, நோயாளி நோயாளியாகக் குறித்து வைப்பதுதான். அவர் அதைச் செய்தார். அந்தக் குறிப்புகளை வைத்து 1791-ல் பிளேக் பற்றிப் பெரிய நூல் ஒன்றை எழுதினார். துறைமுகங்களில் கப்பல்களையும் ஆட்களையும் தனிமைப்படுத்தும் முறை எப்படி இருக்க வேண்டும் என்பதும் அதில் பெரும்பகுதி. சிரியாவிலிருந்து திரும்பும் வழியில் இத்தாலி, பிரான்ஸ் துறைமுகங்களில் இருந்த தனிமைக் கூடங்களை அதற்காகவே போய்ப் பார்த்தார்.

அம்மையை 'வாங்குவது' என்று அவர் எழுதியது என்ன?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பெரியம்மைக்குத் தடுப்பூசி வருவதற்கு முன்பு அம்மைக் கொப்புளத்தின் நீரையே எடுத்து, நோயில்லாத குழந்தையின் தோலில் குத்திவிடும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. லேசாக அம்மை வந்து போய்விடும், பிறகு பெரிதாக வராது என்பது கணக்கு. ஐரோப்பிய மருத்துவர்கள் இதை ஏதோ புது வித்தை போலப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், அரபு நாட்டுப் பெண்கள் பல தலைமுறையாக இதைச் செய்துவருவதை ரஸ்ஸல் விசாரித்து அறிந்தார். குழந்தை கையில் கொஞ்சம் திராட்சையோ பேரீச்சையோ எடுத்துக்கொண்டு அம்மை கண்ட குழந்தையிடம் போகும். "இதற்கு எத்தனை முத்துக் கொடுப்பாய்?" என்று பேரம் பேசும். பேரம் முடிந்ததும் ஊசியால் குத்துவார்கள். அதற்கு "அம்மை வாங்குவது" என்றே பெயர்.

இதை அண்ணனுக்குக் கடிதமாக எழுத, 1768-ல் லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியின் இதழில் அச்சாயிற்று. ஒரு மருத்துவர் கிழவிகளிடம் போய்க் கேட்டு, அவர்கள் சொன்னதை மதித்து எழுதினார் என்பதைக் கவனியுங்கள். 1777-ல் அதே ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

இந்தியாவுக்கு எப்படி வந்தார்? கம்பெனி அனுப்பியதா?

இல்லை, தம்பிக்குத் துணையாக வந்தார். தம்பி கிளாட் ரஸ்ஸல் கம்பெனியின் சென்னை ஆட்சியில் அதிகாரி. அவருக்கு விசாகப்பட்டினத்தின் நிர்வாகப் பொறுப்பு கிடைத்தபோது, 1781-ல், பேட்ரிக்கும் கூடக் கிளம்பினார். அப்போது வயது 55. ஊரில் ஓய்வாக உட்கார வேண்டிய வயதில் முன்பின் தெரியாத கடற்கரைக்கு வந்தார்.

வந்து நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் உத்தியோகம். அதற்குக் காரணம் இன்னொரு மருத்துவரின் மரணம். யோகான் ஜெரார்டு கோனிக் என்பவர், செடிகளையும் விலங்குகளையும் வகைப்படுத்திப் பெயர் சூட்டும் முறையை வகுத்த ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸின் மாணவர், 1768-ல் தரங்கம்பாடி டேனிஷ் மிஷனுக்கு மருத்துவராக வந்தவர். பிறகு ஆற்காடு நவாபிடமும் அதன்பின் கம்பெனியிடமும் இயற்கை ஆய்வாளராக இருந்தார். ஊர் ஊராக நடந்தே செடி சேகரித்தவர். 1785 ஜூனில் காக்கிநாடாவுக்குப் பக்கத்தில் இறந்துபோனார். அந்த ஆண்டு நவம்பரில் அவருடைய இடத்துக்கு ரஸ்ஸலை நியமித்தார்கள். 1789 தொடக்கத்தில் ரஸ்ஸல் ஊர் திரும்பிவிட்டார். ஆக, அரசு வேலையில் இருந்தது மூன்று ஆண்டுகளும் சில மாதங்களும் மட்டுமே. அவருக்குப் பின் அந்த இடத்துக்கு வந்தவர் சாமல்கோட்டையில் இருந்த வில்லியம் ராக்ஸ்பரோ, பின்னாளில் கல்கத்தா தாவரவியல் பூங்காவால் பெயர் பெற்றவர். ராக்ஸ்பரோ எழுதிய சோழமண்டலச் செடிகள் நூல் 1795-லிருந்து வெளிவரத் தொடங்கியபோது அதற்கு முன்னுரை எழுதியது ரஸ்ஸல்தான்.

பாம்பு பக்கம் ஏன் போனார்? அவர் வேலை செடி பார்ப்பதுதானே?

வேலை செடி பார்ப்பதுதான். ஆனால் அவர் அடிப்படையில் வைத்தியர். விசாகப்பட்டினம் பக்கத்தில் ஆட்கள் பாம்புக் கடியால் சாவதைப் பார்த்தார். அதோடு இன்னொன்றையும் பார்த்தார்: எந்தப் பாம்பு கடித்தாலும் சாவுதான் என்று எல்லோரும் நடுங்கினார்கள். விஷமில்லாத பாம்பு கடித்தவரும் பயத்திலேயே பாதி செத்தார். அவருக்கு ஏதோ பச்சிலை கொடுத்துப் பிழைத்துவிட்டால், அந்தப் பச்சிலைக்குப் பெரிய பெயர் வந்துவிட்டது. பிறகு நிஜமாகவே விஷப்பாம்பு கடித்தவருக்கு அதே பச்சிலையைக் கொடுத்துக் காத்திருந்தார்கள். அவர் செத்தார்.

இந்தச் சுழலை உடைக்க ஒரே வழி, விஷமுள்ளது எது, இல்லாதது எது என்று யாரும் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி படத்தோடு சொல்வது. அவருடைய பாம்பு வேலை முழுவதற்கும் உயிர்நாடி இதுதான் என்று நினைக்கிறேன். இருநூறு ஆண்டுகள் ஆகியும் நம் ஊர்களில் அந்தச் சுழல் முழுசாக உடையவில்லை. மண்ணுளியையும் மலைப்பாம்புக் குட்டியையும் கண்ணாடி விரியன் என்று அடித்துக் கொல்வதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். அதே ஆட்கள் நிஜக் கண்ணாடி விரியனை "மலைப்பாம்புக் குட்டி" என்று கையால் தூக்கப் போவதும் நடக்கிறது.

எப்படி ஆராய்ந்தார்?

மூன்று வழியில்.

முதலாவது, வாயைத் திறந்து பார்த்தார். நிறத்தையோ தலையின் வடிவத்தையோ மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம் என்பது அவருக்குச் சீக்கிரமே புரிந்தது. விஷமில்லாத பாம்புக்கு மேல்தாடையின் விளிம்பில் ஒரு வரிசையும் உள்ளே அண்ணத்தில் இரண்டு வரிசையுமாகப் பல் இருக்கும். விஷப்பாம்புக்கு விளிம்பில் அந்தச் சிறு பல் வரிசை இல்லாமல் விஷப்பல் இருக்கும். விரியனுக்கு அது நீளம், வாயை மூடும்போது மடங்கிப் படுத்துக்கொள்ளும். அதனால் சும்மா பார்த்தால் தெரியாது, நெம்பிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, செதிலை எண்ணினார். வயிற்றுக்கு அடியில் எத்தனை, வாலுக்கு அடியில் எத்தனை என்று லின்னேயஸ் காட்டிய வழியில் ஒவ்வொரு பாம்புக்கும் கணக்கு எழுதி வைத்தார்.

மூன்றாவது, பாம்பை விட்டுக் கோழியையும் நாயையும் கடிக்க வைத்து, என்ன ஆகிறது என்று நேரம் குறித்தார். இன்று படிக்க மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். எனக்கும் அப்படித்தான். ஆனால் எந்தப் பாம்பு கொல்லும், எவ்வளவு நேரத்தில் கொல்லும் என்று கேள்விப்பட்டதை வைத்து எழுதாமல் பார்த்ததை வைத்து எழுதியது இதனால்தான். கண்ணாடி விரியன் நல்ல பாம்புக்குக் கிட்டத்தட்டச் சமமான எமன் என்று அவர் உறுதியாக எழுத முடிந்ததும் இந்தச் சோதனைகளுக்குப் பிறகே. ஐரோப்பியர்கள் அதுவரை நல்ல பாம்புக்கு மட்டுமே பயந்துகொண்டிருந்தார்கள்.

தஞ்சாவூர் மாத்திரை என்று ஒன்றை அவர் சோதித்ததாகச் சொல்கிறார்களே?

ஆமாம். பாம்புக் கடிக்கும் வெறிநாய்க் கடிக்கும் கைகண்ட மருந்து என்று தஞ்சாவூர் மாத்திரை அந்தக் காலத்தில் புகழ் பெற்றிருந்தது. கம்பெனி மருத்துவர்களே அதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைப் பாஷாணம், பாதரசம், நேர்வாளம், நாவிக் கிழங்கு, மிளகு எல்லாம் சேர்ந்த உருண்டை அது. படித்தாலே வயிற்றைப் பிசைகிறது, இல்லையா? நேர்வாளம் பேதிக்கு, பாஷாணமோ ஆர்சனிக்.

ரஸ்ஸல் அதைக் கேலி செய்து ஒதுக்கவும் இல்லை, அப்படியே நம்பவும் இல்லை. கடிபட்ட விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். விஷம் நன்றாக ஏறியவற்றை மாத்திரை காப்பாற்றவில்லை. லேசாகக் கடிபட்டவை மாத்திரை இல்லாமலும் பிழைத்தன. அப்படியானால் மாத்திரையால் பிழைத்தார் என்று சொல்லப்பட்டவர்களில் எத்தனை பேர் எப்படியும் பிழைத்திருப்பார்கள்? இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்ததுதான் நல்ல மருத்துவருக்கு அடையாளம். விஷப்பாம்பு கடித்தாலும் ஒவ்வொரு முறையும் விஷத்தை இறக்குவதில்லை, 'வெறும் கடி' உண்டு என்பது இன்று எல்லா மருத்துவருக்கும் தெரியும். பாம்புக் கல், மந்திரம், பச்சிலை எல்லாவற்றின் புகழும் அந்த வெறும் கடியின் மேல்தான் நிற்கிறது.

கண்ணாடி விரியனைக் கண்டுபிடித்தவர் அவர்தானா?

இந்தச் சொல்லே எனக்கு நெருடும். வயலில் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் தெரிந்த பாம்பை யார் கண்டுபிடிக்க முடியும்? தமிழ்நாட்டில் கண்ணாடி விரியன், யாழ்ப்பாணத்தில் புடையன் என்று பெயர் வைத்துப் பயந்து ஒதுங்கி வாழ்ந்தவர்கள் நாம். விசாகப்பட்டினத்துத் தெலுங்கர்கள் அதற்கு "காட்டுக ரேகுல பொட" என்று பெயர் வைத்திருந்தார்கள். ரஸ்ஸல் தன் நூலில் எழுதியதும் அந்தப் பெயரைத்தான். காட்டுக என்றால் கண்மை. ரேகு என்றால் இதழ். பாம்பின் முதுகில் மை தீட்டியது போல் கறுப்பு விளிம்பு கட்டிய பழுப்புத் திட்டுகள் மூன்று வரிசையாக ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு, எவ்வளவு பொருத்தமான பெயர் இது என்று தெரியும்.

ரஸ்ஸல் செய்தது, அந்தப் பாம்பை முழுசாக வர்ணித்து, படம் போட்டு, அதன் விஷத்தைச் சோதித்து உலகுக்குத் தெரிவித்தது. அதைப் பார்த்து லண்டனில் இருந்த விலங்கியல் அறிஞர் ஜார்ஜ் ஷா 1797-ல் அவர் பெயரை வைத்தே பாம்புக்கு அறிவியல் பெயர் சூட்டினார். 1842-ல் ஜான் எட்வர்டு கிரே 'டபோயா' என்ற பேரினப் பெயரை, அதாவது நெருங்கிய இனங்களுக்குப் பொதுவான முதல் பெயரை, கொடுத்தார். பதுங்கியிருப்பது என்று பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்து வந்தது அது. ஆக இன்று பெயர் டபோயா ரஸ்ஸலி. ரஸ்ஸல் என்று எழுதும்போது ஆங்கிலத்தில் இரண்டு 'எல்' வரும், பாம்பின் பெயரில் ஒன்றுதான் இருக்கும். முதலில் அச்சானது அப்படி, விதிப்படி அதையே வைத்துக்கொண்டார்கள்.

2007-ல் மியன்மார், தாய்லாந்து, தைவான் பக்கத்துப் பாம்புகளைத் தனி இனமாகப் பிரித்துவிட்டார்கள். நம் ஊரிலும் இலங்கையிலும் இருப்பது பழைய ரஸ்ஸலிதான்.

தெலுங்கு, தமிழ்ப் பெயர்கள் அவர் நூலில் நிறைய இருக்கிறதாமே?

இதைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எனக்கு அலுக்காது. நூலில் பல பாம்புகளுக்கு ரஸ்ஸல் லத்தீன் பெயர் சூட்டவே இல்லை. பாம்பைக் கொண்டுவந்தவர்கள் என்ன சொன்னார்களோ அதையே காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டார். மலைப்பாம்பு 'பெத்த பொட'. சாரை 'ஜெரி போத்து'. பச்சைப்பாம்பு 'பசரிக பாம்'. இன்றைக்கும் ஆந்திரக் கிராமத்தில் ஜெர்ரிபோத்து என்றால் சாரைப்பாம்பு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பிறகு வந்த ஐரோப்பிய அறிஞர்கள் பாம்பை நேரில் பார்க்காமலே, ரஸ்ஸலின் படத்தை மேஜையில் வைத்துக்கொண்டு பெயர் சூட்டினார்கள். அப்படிச் சூட்டும்போது அந்த ஊர்ப் பெயர்களும் உள்ளே நுழைந்துவிட்டன. கட்டுவிரியன் வகைகளின் பேரினப் பெயர் பங்காரஸ். 1803-ல் பிரான்சின் தோதேன் வைத்தது. மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட பாம்பை ரஸ்ஸல் 'பங்காரும் பாமு' என்று எழுதியிருந்தார். பங்காரம் என்றால் தங்கம். தாய்லாந்து, இந்தோனேசியாவிலும் கூட விஞ்ஞானிகள் கட்டுவிரியனைத் தெலுங்குத் தங்கத்தின் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

தமிழுக்கும் இதில் பங்கு உண்டு. நூலின் இரண்டாம் பாகம் 1801-லிருந்து பகுதி பகுதியாக வந்து, அவர் இறந்த பிறகு 1809-ஐ ஒட்டி முடிந்தது. அதில் கடல் பாம்புகள் நிறைய. 'கடல் நாகம்' என்று ஒரு படம். 'வலகடியன்' என்று இன்னொன்று. மீனவர் வலையில் மீனோடு சேர்ந்து ஏறி வந்து அவர்களைக் கடித்துவிடும் கடல் பாம்பு வலகடியன், கடல் பாம்புக் கடியால் நேரும் சாவுகளில் பெரும்பங்கு அதனுடையது. 1827-ல் அந்தத் தமிழ்ப் பெயரை அப்படியே லத்தீனாக்கி ஒருவர் இனப்பெயராக வைத்தார். பின்னால் அதே பாம்புக்கு முன்பே வைத்த வேறு பெயர் இருக்கிறது என்று மாற்றினார்கள். இருந்தாலும் பழைய விலங்கியல் நூல்களைப் புரட்டினால் வலகடியன் நம்மைப் பார்த்துத் தலையாட்டுவார்.

ஆரணிக்கும் சுருட்டை விரியனுக்கும் என்ன சம்பந்தம்?

உருவத்தில் சின்னதான சுருட்டை விரியன் ரஸ்ஸலின் நூலில் 'ஹொரட்ட பாம்' என்று வருகிறது. அந்தப் பாம்பு அவருக்கு ஆரணியிலிருந்து வந்தது. அந்தப் படத்தை வைத்துத்தான் 1801-ல் ஜெர்மன் அறிஞர் ஷ்னைடர் அறிவியல் பெயர் சூட்டினார். ஆகையால் சுருட்டை விரியன் என்ற இனத்துக்கே 'மூல ஊர்' ஆரணி. பட்டுக்குப் பெயர் போன ஊர் என்றுதான் நமக்குத் தெரியும், பாம்பு ஆராய்ச்சியாளர்களுக்கு அந்த ஊர் இப்படிப் பழக்கம். அதே 1801-ல் கட்டுவிரியனுக்கும் ரஸ்ஸலின் விசாகப்பட்டினத்துப் பாம்பை வைத்தே பெயர் வைத்தார்கள்.

நல்ல பாம்பு படம் எடுப்பது எப்படி என்று சொன்னவரும் அவரா?

லண்டன் திரும்பிய பிறகு செய்த வேலை அது. கழுத்துத் தோல் காற்றால் உப்புகிறது என்றுகூட நினைத்தவர்கள் உண்டு. எவெரார்டு ஹோம் என்ற அறுவை மருத்துவர் அறுத்துப் பார்த்துச் சொன்ன விவரங்களோடு சேர்த்து, 1804-ல் ரஸ்ஸல் எழுதினார்: கழுத்துப் பகுதியில் உள்ள நீண்ட விலா எலும்புகளைத் தசைகள் விரித்துத் தூக்குகின்றன, தோல் அதன் மேல் விரிகிறது. குடை விரிவது போலத்தான். அப்போது அவருக்கு வயது 78.

மீன்களைப் பற்றியும் எழுதினாரா?

1803-ல் விசாகப்பட்டினத்து மீன்கள் இருநூறு பற்றி இரண்டு பெரிய தொகுதிகள். கரைக்கு வந்த மீனை உள்ளூர் ஓவியர் படம் வரைய, இவர் விவரம் எழுதினார். இதிலும் ஊர்ப் பெயர்கள்தான். 'வொரகு' என்று அவர் எழுதிய மீனுக்கு 1830-ல் அவர் பெயரே வைக்கப்பட்டது, டெகாப்டெரஸ் ரஸ்ஸலி என்று. விஷ முள்ளுள்ள சிங்கமீன் ஒன்றுக்கும் சங்கரா வகைச் செம்மீன் ஒன்றுக்கும் அவர் பெயர் உண்டு.

மூங்கிலுப்பு பற்றி?

சித்த மருந்துக் கடையில் மூங்கிலுப்பு கேட்டால் கிடைக்கும். மூங்கில் கணுவுக்குள் உறைந்து கிடக்கும் வெள்ளைப் பொருள். அலெப்போ மருந்துக் கடைகளில் தபாஷீர் என்று அரபியில் விற்றதையே இங்கே மூங்கிலுக்குள் பார்த்தார் ரஸ்ஸல். மூங்கில்களைப் பிளந்து எடுத்து, 1790-ல் ராயல் சொசைட்டிக்குக் கட்டுரை அனுப்பினார். அவர் கொண்டுபோன துண்டுகளை ஓர் இளம் வேதியியலாளர் சோதித்து, அது மணலின் சத்தான சிலிக்காவே என்று அடுத்த ஆண்டு எழுதினார். அந்த இளைஞர்தான் பின்னாளில் அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிறுவனம் எழக் காரணமான ஜேம்ஸ் ஸ்மித்சன்.

என்ன இருந்தாலும் கம்பெனி ஆள்தானே? ஏன் இவ்வளவு பாராட்டு?

கேட்க வேண்டிய கேள்வி. கம்பெனி இயற்கையை ஆராய்ந்தது நம் மேல் உள்ள அன்பால் இல்லை. சாயத்துக்கு எது, மருந்துக்கு எது, கப்பலேற்றி விற்க எது என்று பார்க்கத்தான் இயற்கை ஆய்வாளர் வைத்திருந்தார்கள். பாம்பு நூலை அச்சிடச் செலவு செய்ததும் கம்பெனி இயக்குநர்கள்தான். தங்கள் சிப்பாய்களும் அதிகாரிகளும் சாகக் கூடாது என்ற கணக்கு அதில் இருந்தது. தம்பி வரி வசூலிக்கும் ஆட்சியில் உட்கார்ந்திருக்க, அந்த வீட்டில் இருந்துகொண்டு அண்ணன் பாம்பு பார்த்தார். இதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

அவருக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்தவர்கள் யார்? உயிரைப் பணயம் வைத்து விரியனின் கழுத்தைப் பிடித்துக் கூடையில் போட்டு வந்தவர்கள், எது எங்கே இருக்கும், எது கடித்தால் என்ன ஆகும் என்று சொல்லிக் கொடுத்தவர்கள், படம் வரைந்தவர்கள். இவர்கள் இல்லாமல் மூன்று ஆண்டில் ஒரு வெளியூர்க்காரரால் அத்தனை பாம்பைச் சேர்த்திருக்கவே முடியாது. பாம்பின் மேல் நின்றது ஒரே ஒருவரின் பெயர்.

ரஸ்ஸலிடம் நான் மதிப்பது, அவர்கள் சொன்ன சொல்லை அழித்துவிட்டுத் தன் சொல்லை வைக்கவில்லை என்பதை. அலெப்போவில் அம்மை குத்தும் கிழவிகளிடம் கேட்டவர், இங்கே பாம்பு பிடிப்பவரிடமும் கேட்டார். கேட்டதை எழுதினார். அதைச் சோதித்தும் பார்த்தார். இந்த மூன்றையும் சேர்த்துச் செய்தவர்கள் அந்தக் காலத்தில் குறைவு.

தோட்டத்தில் சிவப்பாகப் பட்டாசு போலப் பூக்கும் ரஸ்ஸலியா செடி இவர் பெயரா?

இல்லை. அது அண்ணன் அலெக்சாண்டரின் பெயர்.

கண்ணாடி விரியன் விஷம் மருந்தாகிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இந்த விஷம் ரத்தம் உறையும் சங்கிலியின் நடுவில் போய்க் கை வைக்கிறது. பத்தாம் காரணி என்ற புரதத்தைத் தூண்டிவிட்டு, உறைய வைக்கும் சரக்கு முழுவதையும் செலவழித்துவிடுகிறது. அதன் பிறகு உறைய ஒன்றும் மிச்சமிராது. கடிபட்டவருக்கு ஈறு, மூக்கு, சிறுநீர் என்று ரத்தம் கசிவது இதனால்தான். சிறுநீரகமும் பழுதாகிறது.

அதே குணத்தை நல்லதுக்குத் திருப்பினார்கள். 1934-ல் லண்டனில் மாக்ஃபர்லேன், பார்னெட் இருவரும், ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோயாளியின் காயத்தில் இந்த விஷத்தை மிகவும் நீர்க்கச் செய்து வைத்தபோது ரத்தம் நின்றது. இன்றும், உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோய் தொடர்பான ஒருவகை எதிர்ப்புப் பொருளைக் கண்டறிய, ரத்தத்தில் இந்த விஷத்தைச் சேர்த்து எத்தனை நொடியில் உறைகிறது என்று பார்க்கும் சோதனை இருக்கிறது. அடிக்கடி கரு கலைகிற பெண்களுக்கு மருத்துவர் எழுதித் தரும் சோதனைகளில் அதுவும் ஒன்று. ஆய்வகச் சீட்டில் ரஸ்ஸல் வைப்பர் என்று அச்சாகியிருப்பதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம்.

இன்று ஒருவரைக் கண்ணாடி விரியன் கடித்தால் என்ன செய்வது?

2000 முதல் 2019 வரையான கணக்கின்படி இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக் கடியால் இறந்திருக்கிறார்கள். கடித்த பாம்பு இன்னது என்று தெரிந்தவற்றில் கண்ணாடி விரியன்தான் முதலிடம். ரஸ்ஸல் காலத்தில் மருந்து இல்லை. விஷமுறிவு மருந்துக்கான வழி 1890-களில்தான் திறந்தது. இன்று இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்து. அதற்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கைச் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துக் கொடுத்துவந்திருக்கிறார்கள். பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள்.

ஆகவே கடித்தால், கடிபட்டவரை நடக்கவிடாமல் உட்கார வைத்துத் தைரியம் சொல்லுங்கள். மோதிரம், கொலுசு, வளையலைக் கழற்றிவிடுங்கள், அப்புறம் வீங்கினால் கழற்ற முடியாது. கயிறு இறுக்கிக் கட்டாதீர்கள். கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். மந்திரிக்கப் போய் நேரத்தைத் தொலைக்காதீர்கள். தமிழ்நாட்டில் 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். நான்குக்கும் ஒரே மருந்து என்பதால் பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. அப்படித் தேடப் போய் இரண்டாவது ஆளும் கடிபடுவது அடிக்கடி நடக்கிறது.

ஆஸ்பத்திரியில் முதலில் ஒரு சின்னச் சோதனை செய்வார்கள். கொஞ்சம் ரத்தம் எடுத்துச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் இருபது நிமிடம் நிறுத்தி வைப்பார்கள். பிறகு மெதுவாகச் சாய்த்துப் பார்ப்பார்கள். கட்டியாக நின்றால் விஷம் இதுவரை ரத்தத்தைக் கெடுக்கவில்லை என்று பொருள், திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தண்ணீராக ஓடினால் உடனே மருந்தை ஏற்றுவார்கள். "இருபது நிமிஷமா சும்மா உக்கார வெச்சிருக்காங்க" என்று அந்த நேரத்தில் நர்ஸிடம் சண்டை போடாதீர்கள்.